கறுப்புக் காரும் உப்புத் தண்ணீரும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, நெமிலியில் நாம் தங்கியிருக்கும் இல்லத்தின் வாயிலில் ஒரு புதிய கார் வந்து நின்றது. கறுப்பு நிறம், மஞ்சள் எண்பலகை. இறங்கி வந்தவர் நாம் நன்கறிந்த ஓர் இளைஞர். வேலூருக்கு வைத்தியத்திற்குப் போவோரையும் சென்னை விமான நிலையத்திற்குப் போவோரையும் ஏற்றிச் சென்று பிழைப்பவர். பத்தாண்டுக் காலம் பிறர் வண்டியை ஓட்டியபின், தமக்கென்று ஒன்றை அன்றுதான் வாங்கியிருந்தார். முன்பணத்திற்காக அவருடைய தாயாரின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன; மீதிக்கு மாதத் தவணை. வெள்ளைக் கார் வேண்டுமானால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்களாம். வட்டி காத்திருக்காது என்று கறுப்பையே எடுத்து வந்துவிட்டார்.

காரை மந்திரித்து முடித்ததும் தம்பி ஒரு சந்தேகத்தை எடுத்து வைத்தார்.

"ஃபாதர், இதுக்கு செராமிக் கோட்டிங் போட்டுக்கச் சொல்றாங்க. இருபத்தெட்டாயிரம் ஆகுமாம். போட்டா அஞ்சு வருஷத்துக்குத் தண்ணிக் கறையே பிடிக்காதாம். வாட்டர் சர்வீஸ்காரரு, அதெல்லாம் வேணாம், மெழுகு பாலிஷ் போதும்னு சொல்றாரு. நீங்கதான் சொல்லணும்."

மெழுகைப் பற்றி நம்மிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. மெழுகுத்திரிகளோடு புழங்கும் வாழ்க்கை நம்முடையது. அன்றியும், நாம் இளங்குருவாக ஆம்பூர்ப் பக்கத்தில் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த காலத்தில், அவ்விடத்துப் பங்குத்தந்தையின் பழைய அம்பாசிடர் காரைச் சனிக்கிழமைதோறும் கழுவி மெருகேற்றும் பொறுப்பு நமக்கே தரப்பட்டிருந்தது. அந்த அனுபவத்தை நாம் பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறோம். சொன்னதன் வினை அன்று நம்மைத் தேடி வந்தது.

நாம் சற்றும் யோசியாமல் தீர்ப்பு வழங்கினோம். "தம்பி, இருபத்தெட்டாயிரம் வீண் செலவு. ஒரு பூச்சும் வேண்டாம். தினமும் தண்ணீர் விட்டுக் கழுவி வந்தால் வண்டி புதிதாகவே இருக்கும். கழுவுவதற்கு நல்ல தண்ணீரையும் வீணாக்காதே. பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீர் பின்கட்டுத் தொட்டியில் நிரம்பி வழிகிறது. காலையிலும் மாலையிலும் வந்து எடுத்துக்கொள்."

சிக்கனமான யோசனை என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். அவரும் சொன்ன சொல் தவறாதவர். பங்குனி முழுவதும் வந்தார், சித்திரையிலும் வந்தார். சவாரி முடிந்து நடுப்பகலில் திரும்பினாலும், சூடு ஆறாத வண்டியின்மேல் நான்கு வாளி நீரை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போவார். கார் வெயிலில் தானே காய்ந்துகொள்ளும்.

வைகாசி முதல் வாரத்தில் அவர் மறுபடியும் வந்து நின்றபோது முகம் வாடியிருந்தது. திருமணத்திற்காக இரண்டு நாளைக்குப் பேசியிருந்த வீட்டார், வண்டியைப் பார்த்துவிட்டு, "வேற வண்டி இருக்கா?" என்று கேட்டார்களாம். நாம் வெளியே போய்ப் பார்த்தோம். பானெட், மேற்கூரை, டிக்கி எங்கும் அம்மைத் தழும்பு போல வட்ட வட்டமாய் வெள்ளைப் புள்ளிகள். விரலால் தேய்த்தோம், போகவில்லை. ஈரத் துணியால் துடைத்தோம். ஈரம் இருக்கும்வரை மறைந்திருந்து, காய்ந்ததும் மீண்டும் தலைகாட்டின. நான்கு மாதம் ஆகாத வண்டி நான்கு ஆண்டு ஓடிய வண்டியாய்த் தெரிந்தது. நம்மை அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே நமக்குப் பெரிய வேதனையாய் இருந்தது.

அன்று மாலை பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடமிருந்து ஒரு சிறு கருவியை வாங்கி வந்தோம். பேனாவைப் போன்றது; நீரில் தோய்த்தால் அதில் கரைந்துள்ள உப்பின் அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண்ணால் காட்டும். நம் ஆழ்குழாய்க் கிணற்று நீர் 1,100 காட்டிற்று. பிள்ளைகள் குடிக்கும் ஆர்.ஓ. நீர் 60. பின்கட்டுத் தொட்டியின் கழிவு நீரில் தோய்த்தபோது எண் 1,800-ஐத் தொட்டு நின்றது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதைப் பின்னர் உட்கார்ந்து கணக்கிட்டு உணர்ந்தோம். இயந்திரத்தில் பத்துக் குடம் நீர் புகுந்தால் நான்கு குடம் நல்ல நீராய் வெளிவருகிறது. எஞ்சிய ஆறு குடம் கழிவு. உப்பு எங்கும் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. பத்துக் குடத்து உப்பும் ஏறக்குறைய முழுதாய் அந்த ஆறு குடத்திற்குள் அடைந்துகொள்கிறது. குடிநீரில் கரைந்துள்ள உப்பு 500 வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடையாத இடங்களில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. அந்த மேல் எல்லையை எட்டிப் பிடிக்கும் நீரைத்தான், நாளைக்கு இருமுறை, கொதிக்கும் இரும்பின்மேல் ஊற்றச் சொல்லியிருந்தோம்! கழுவியபின் ஒரு காரின்மேல் அரை லிட்டர் நீர் தங்குவதாய் வைத்துக்கொள்வோம். அது காயும்போது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான உப்பை விட்டுச் செல்லும். இரண்டரை மாதத்தில் எத்தனை முறை ஊற்றினார் என்று எண்ணிப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

இந்த உப்பு என்பது நாம் சோற்றில் இடும் உப்பு மட்டுமன்று. பாறையின் இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நிலத்தடி நீர் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சூடேறினால் அச்சுண்ணாம்பு கரையாத கார்பனேட்டாக மாறிப் படிகிறது. நம் வீட்டுத் தாய்மார் இதனை நன்கறிவர். இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாய்ப் படிவது இதுவே. அது பிடியாமலிருக்க ஒரு சுளை புளியைப் பானை நீரில் போட்டு வைப்பார்கள். புளிப்புக்குச் சுண்ணாம்பு கரையும். இந்த இரசாயனத்தை நாம் குருமடத்தில் கற்கவில்லை. நம் சமையற்கார அம்மாள்தான் கற்பித்தார்.

புள்ளி ஏன் வட்டமாய், வளையமாய் விழுகிறது? 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், சிந்திய காப்பித் துளி காய்ந்தால் ஓரத்தில் மட்டும் கருவளையம் விழுவதேன் என்று ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். துளியின் விளிம்பு தரையைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கே நீர் விரைவில் ஆவியாக, அந்த இழப்பை ஈடுசெய்ய உள்ளிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது தன்னிடம் உள்ளவற்றையெல்லாம் சுமந்து சென்று அங்கே இறக்கிவிடுகிறது. காரின்மேல் காணும் வளையமும் அவ்வாறு பிறப்பதே. நீர்த்துளி பூதக்கண்ணாடியாகி வெயிலைக் குவித்து வர்ணத்தைச் சுடுகிறது என்று பலர் சொல்வதுண்டு. நாமும் பிரசங்கத்தில் ஒருமுறை உவமையாய்ச் சொல்லியிருக்கிறோம். அது சரியன்று. துளி வர்ணத்தின்மேல் ஒட்டி அமர்ந்திருப்பதால், ஒளி குவியும் இடம் வர்ணத்திற்கும் கீழே போய்விடுகிறது.

நம்மை ஏமாற்றியது அம்பாசிடர் அனுபவம்தான். அந்தப் பழைய வண்டிக்கு அடித்திருந்தது ஒரே வகை எனாமல். கனமாய், அடி முதல் மேல்வரை ஒரே நிறமாய் இருக்கும். மெருகுத் துணியால் தேய்த்தால் துணியில் நீல நிறம் இறங்கும். அடியில் மேலும் நீலம் இருக்கும். இன்றைய கார்களில் நிறம் ஒரு படலம். அதன்மேல் கண்ணாடி போன்ற நிறமற்ற மேற்பூச்சு மற்றொரு படலம். பளபளப்பெல்லாம் அந்த மேற்பூச்சினுடையது. அதன் கனமோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு; தலைமயிரைவிட மெல்லியது. உப்புப் படிவு முதலில் இதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, அப்போது அகற்றிவிடலாம். வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்கினால் படிவின் கீழே மேற்பூச்சே அரிக்கப்பட்டுக் குழி விழுகிறது. குழியைத் துடைக்க முடியுமா? சுற்றியுள்ள மேற்பூச்சைத் தேய்த்துக் குழியின் அளவிற்குத் தாழ்த்தத்தான் முடியும்.

இந்நிலையில் நமக்கு நினைவு வந்தவர் ஆம்பூரில் நாம் அறிந்திருந்த ஒரு பெரியவர். டேனரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பினிஷிங் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பதனிட்டு உலர்த்திய தோலுக்கு நிறமும் மேற்பூச்சும் ஏற்றி மெருகு கொடுப்பது அவருடைய கைத்தொழில். தோலின்மேல் ஒரு சொட்டு நீரை விட்டு, அது உருளும் விதத்தைப் பார்த்தே பூச்சின் குணத்தைச் சொல்வார். அவரை அழைத்தோம். எண்பதை நெருங்கும் வயதிலும் பேருந்து ஏறி வந்துவிட்டார்.

வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பானெட்டைப் புறங்கையால் தடவினார். "சாமி, இது ரெண்டு நோவு. பாதி மேல உக்காந்திருக்கு, பாதி உள்ள எறங்கிடுச்சு" என்றார்.

நிழலில் நிறுத்தி, வண்டி நன்கு குளிர்ந்தபின், கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் சம அளவு ஆர்.ஓ. நீர் கலந்து, அதில் துணியை நனைத்துப் புள்ளிகளின்மேல் இரண்டு மூன்று நிமிடம் போர்த்தி வைக்கச் சொன்னார். பின்பு நல்ல நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தோம். புள்ளிகளில் பாதிக்குமேல் மறைந்தன. அம்பி மகிழ்ந்து, "புளியும் போடலாமா தாத்தா?" என்று கேட்க, "அதுல நாரும் மண்ணும் இருக்கும், கோடு விழுந்துடும்" என்று தடுத்துவிட்டார். சல்பேட்டாய்ப் படிந்தவை வினிகருக்கு எளிதில் கரையா என்பதையும் பிறகு அறிந்துகொண்டோம். எஞ்சிய குழிகளுக்குப் பெயிண்டிங் பட்டறையில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு இயந்திரத்தால் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேற்பூச்சில் சிறிது போய்விடும். அடிக்கடி செய்யக்கூடிய வைத்தியம் அன்று.

அதன்பின்தான் மெழுகா கோட்டிங்கா என்ற பழைய கேள்விக்கு வந்தோம். பெரியவர் வாய்ச்சொல்லில் நம்பிக்கை இல்லாதவர். பட்டறையில் தேய்த்து வந்த மறுநாள், டிக்கியின் மேற்பரப்பைக் காகித டேப்பினால் மூன்று பாகமாய்ப் பிரித்தார். ஒரு பாகம் வெறுமனே. ஒன்றில் கார்னோபா கலந்த மெழுகு. ஒன்றில் பாட்டிலில் வரும் செயற்கைப் பாலிமர் சீலண்ட். நம் அயலார் ஒருவர் தம் வெள்ளி நிறக் காருக்கு முன்னரே செராமிக் கோட்டிங் போட்டிருந்தார். அவரும் ஆர்வத்தோடு தம் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். முற்பகல் பதினொரு மணிக்கு எல்லாவற்றின்மேலும் கிணற்று நீர் தெளிக்கப்பட்டது. கதிரவன் தன் வேலையைச் செய்தான்.

நாம் அதற்குள் மெழுகின் சரித்திரத்தைக் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம். தேன்மெழுகு அறுபத்து மூன்று பாகை அளவில் உருகும். திரிகளில் சேரும் பாரஃபின் பெரும்பாலும் அதற்கும் முன்னரே உருகிவிடும். கோடையில் அறையில் வைத்த திரிகள் வளைந்து தலை குனிவதைக் காணாத கோயிற்பிள்ளை இல்லை. வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் கூரை எழுபது பாகையை எட்டக்கூடியது. அங்கே தேன்மெழுகு தனித்து நிற்க இயலாது. கார்னோபா என்பது பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனை. வறண்ட காற்றில் தன் ஈரம் போய்விடாதிருக்க அதன் ஓலைகள் தம்மேல் மெழுகு பூசிக்கொள்கின்றன. ஓலையை வெட்டி உலர்த்தி அடித்தால் அது தூளாய் உதிரும். எண்பது பாகைக்கு மேல்தான் உருகும். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. தனியே பூசினால் நொறுங்கும் என்பதால் வேறு மெழுகும் எண்ணெயும் சேர்த்துக் குழைக்கிறார்கள். "தோலுக்கும் இதைப் போட்டிருக்கேன் சாமி. ஷூ பாலிஷ்லயும் இது உண்டு" என்றார் பெரியவர்.

செராமிக் கோட்டிங் வேறு இனம். மணலின் உறவான சிலிக்காவிலிருந்து பிறக்கும் சேர்மங்களைத் திரவமாய்ப் பூசினால், அவை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மேற்பூச்சைப் பற்றிக்கொண்டு இறுகி, மெல்லிய கெட்டிப் படலம் ஆகின்றன. மெழுகு நம் வெயிலில் சில வாரங்கள் நிற்கும். இது ஆண்டுக் கணக்கில் நிற்கும். 'ஒன்பது எச்' கடினம் என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். அது வைரத்தை அளக்கும் அளவுகோல் என்று எண்ணிவிடலாகாது. பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் எண். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் அதிலும் கோடு விழும்.

ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தோம். வெறும் பாகத்தில் நீர் பரந்து காய்ந்து, அகன்ற தட்டையான வளையங்களை விட்டிருந்தது. மெழுகுப் பாகத்திலும் சீலண்ட் பாகத்திலும் நீர் முத்து முத்தாய்த் திரண்டிருந்த இடங்களில், சிறியவையும் கனத்தவையுமான வெண்புள்ளிகள். செராமிக் வண்டியின் கதவுகளிலும் சரிவான இடங்களிலும் ஒன்றுமில்லை. துளிகள் நில்லாமல் உருண்டோடிவிட்டன. ஆனால் சமதளமான கூரையில்? அங்கும் புள்ளிகள், எண்ணிப் பார்த்தால் சற்று அதிகம்கூட. வெள்ளி நிறத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாமல் இருந்ததுதான் அயலாரின் பாக்கியம். அவர் முகம் சிறுத்துவிட்டது. "அஞ்சு வருஷம் கவலையில்லைன்னாங்களே!" என்றார்.

மாலையில் ஈரத் துணியால் துடைத்தபோது வேற்றுமை புலப்பட்டது. மெழுகின்மேலும் சீலண்டின்மேலும் செராமிக்கின்மேலும் இருந்தவை இலகுவாய்ப் பெயர்ந்து வந்தன. வெறும் பாகத்தில் இருந்தவற்றுக்கு வினிகர் தேவைப்பட்டது. ஆக, எந்தப் பூச்சும் துளியில் உள்ள உப்பைக் குறைப்பதில்லை. உப்புக்கும் மேற்பூச்சுக்கும் நடுவே நின்று, அரிப்பைத் தான் வாங்கிக்கொள்கிறது; நமக்கு அவகாசம் பெற்றுத் தருகிறது. அந்த அவகாசத்திற்குள் நாம் துடைக்காவிட்டால் பூச்சும் அரிபடும். மெழுகு அரிபட்டால் எழுநூறு ரூபாய் டப்பாவிலிருந்து இன்னொரு கை பூசிக்கொள்ளலாம். இருபத்தெட்டாயிரம் ரூபாய்ப் படலம் அரிபட்டால், அதனைத் தேய்த்து நீக்கி, மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

எனவே யாருக்கு எது? கூரையுள்ள கொட்டகையும், நல்ல நீரும், வாரம் ஒருமுறை பொறுமையாய்த் துடைக்க ஆளும் உள்ளவருக்குச் செராமிக் நல்ல பொருளே. அழுக்கு ஒட்டாது, பறவை எச்சத்தின் அமிலத்தையும் மெழுகைவிட மேலாய்த் தாங்கும். அயலாருக்கு இதைச் சொல்லித் தேற்றினோம். வேப்பமரத்தடியிலும் விமான நிலைய வாசலிலும் வெயிலில் கிடக்கும் தவணைக் காருக்கு மெழுகுதான் பொருத்தம் என்பது பெரியவரின் முடிவு. நமக்கும் அதுவே சரியெனப் பட்டது. சீலண்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மெழுகைவிடச் சில மாதம் கூட உழைக்கும். மெழுகு தேய்க்கும் சாக்கில் வண்டியின் ஒவ்வோர் அங்குலத்தையும் கையால் தொட்டுப் பார்ப்பாய், அதற்காகவே மெழுகு என்று தம்பியிடம் பெரியவர் சொன்னார்.

கழுவும் முறையும் மாறிற்று. வெயில் ஏறுமுன், அல்லது எஞ்சின் ஆறிய மாலையில், நிழலில். ஒரே வீச்சில் முழுக் காரையும் நனைக்காமல் பகுதி பகுதியாய். கடைசி அலசலுக்கு மட்டும் உப்பில்லாத நீர். பின்பு மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு இழுத்தால், துளி காய்வதற்கு முன்னரே துணிக்குள் போய்விடும். இதற்குச் செலவு கால் மணி நேரம். நாம் அன்று மாசி மாதத்தில் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவே.

பட்டறைக் கூலியை நாமே தருவதாகச் சொன்னோம். தம்பி மறுத்தார். நாம் விடவில்லை. இறுதியில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் வேலூருக்கு நம்மை அழைத்துப் போனபோது வாடகையை வாங்க மறுத்து, அந்தப் பாதியையும் திருப்பிவிட்டார்.

அந்தப் பயணத்தில் பெரியவரும் உடன் வந்தார். இராணிப்பேட்டைக்கு அப்பால் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது மணலையே பார்த்துக்கொண்டு வந்தார். பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு அடுக்குவார்கள். டேனரியில் முதல் வேலை அந்த உப்பை நீரில் ஊறவைத்துக் கழுவுவது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஊர்களின் பல கிணறுகள் அந்த உப்பைப் பல்லாண்டுகள் குடித்திருக்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரவும், ஆற்றைச் சீர்ப்படுத்தவும் ஆணையிட வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே ஒரு தலைமுறை வளர்ந்து பெரிதாகிவிட்டது. "எங்க கையால கழுவின உப்புதான் சாமி" என்றார் பெரியவர். பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அந்தக் கைகளே. நாம் ஒன்றும் சொல்லவில்லை.

நெமிலிக்கு அருகில் மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் ஒன்று உண்டு. அதன் கல்வெட்டு அவன் பெயரிட்ட ஏரியையும் குறிப்பிடுகிறது. மழையைத் தேக்கிய ஏரி நீரில் பாறையின் உப்பு அவ்வளவாய் ஏறியிருக்காது. கட்டை வண்டியையும் மாட்டையும் ஏரியில் இறக்கிக் கழுவிய நம் பாட்டன்மாருக்கு வெண்புள்ளிக் கவலை இல்லாதிருந்ததன் காரணம் வண்டிக்கு வர்ணம் இல்லாதது மட்டுமன்று. இப்போது நெமிலியை அடுத்த பனப்பாக்கத்தில், ரூ. 9,000 கோடி முதலீட்டிலான டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கார் செய்யும் ஆலைகளில் வர்ணம் பூசும் முன் உடற்கூட்டை இறுதியாய் அலசுவது உப்பு முழுதும் நீக்கிய நீரால். ஒரு துளி உப்பு நீர் காய்ந்தாலும் அதன்மேல் ஏறும் வர்ணம் கெடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆலை செய்வதைத்தான் வீட்டிலும் செய்ய வேண்டியிருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. 2003-இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது நம் இல்லத்திற்கும் குழாய் போட்டிருந்தார்கள். ஆண்டுகள் பல ஆனபின் அதன் வாய் சருகால் அடைபட்டிருந்தது. தம்பி ஏறிச் சுத்தம் செய்து, கூரைத் தூசியைக் கழுவிவரும் முதல் மழையை வெளியே விட்டு, இரண்டாம் மழையை நீல டிரம்மில் பிடித்தார். பேனாக் கருவியைத் தோய்த்தோம். 20 காட்டிற்று. அவர் மூன்று தடவை தோய்த்துப் பார்த்தார். கருவி பழுதோ என்று ஐயம். மார்கழி, தை முழுவதும் அந்த நீரே கடைசி அலசலுக்குப் போதுமானதாய் இருந்தது. தை மாதத்தில் வளையல்களில் ஒரு ஜோடி வீட்டிற்குத் திரும்பிவிட்டதாகவும் கேள்விப்பட்டோம்.

மாசி பிறந்ததும் டிரம் வற்றிவிட்டது. ஒரு நாள் காலை தம்பி காலி வாளியோடு பின்கட்டில் தயங்கி நிற்பதைக் கண்டோம். எந்தக் குழாயில் பிடிப்பது என்ற தயக்கம். நாமே போய், பிள்ளைகள் குடிக்கும் நீர்க் குழாயைத் திறந்து அரை வாளி பிடித்துக் கொடுத்தோம்.